ஐந்தரை மணி வெந்தயத் தண்ணியும் அதிமதுரக் கசாயமும்: திருகோணமலையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

இது ஒரு மாதிரி நிகழ்வு. மாதவிடாய் நிற்கும் வயதில் உள்ள பெண்களிடம் அடிக்கடி சேர்ந்து காணப்படும் சிக்கல்களை ஒரே பெண்ணில் வைத்து எழுதியிருக்கிறோம். அளவுகள், நேரங்கள், பரிசோதனை எண்கள் எல்லாம் நடைமுறையில் வரக்கூடியவை. மூலிகை பற்றியும் ஹோர்மோன் பற்றியும் சொல்லப்படுபவை அறிவியலில் நிலைபெற்றவை.

நோயாளர்: 49 வயது, உப்புவெளிப் பக்கம். வீட்டு முன்அறையில், தகரக் கூரையின் கீழ் தையல் வேலை. ஆறு வருடமாகத் தைரொயிட் குறைவுக்குத் தைரொக்சின் 75 மைக்ரோகிராம் குளிசை எடுக்கிறார். அந்த வருடம் மார்ச்சில் டி.எஸ்.எச். (தைரொயிட் குறையும்போது இரத்தத்தில் ஏறும் எண்) 2.3, அதாவது நல்ல கட்டுப்பாடு. ஏப்ரலில் சுவநாரி (பெண்கள் நல) கிளினிக்கில் பார்த்த பிறசர் 128/82. சீனி வருத்தம் இல்லை, சிறுநீரகக் குறை இல்லை. முந்தைய நவம்பருக்குப் பிறகு மாதவிடாய் வரவில்லை என்றுதான் முதலில் சொன்னார்.

வந்த முறைப்பாடு: ஒக்டோபர் நடுப்பகுதியில் இரண்டு கெண்டைக்காலும் இரவில் பிடித்து இழுத்தது. படியேற முடியவில்லை, தையல் மெசினின் பெடலை மிதிக்கக் காலில் பலம் இல்லை, நெஞ்சு படபடத்தது. மூன்று கிழமைக்கு முன் கால் வீங்கியதால் ஓரிடத்தில் காட்டியபோது பிறசர் 156/94 இருந்திருக்கிறது. சிறுநீரைக் கூட்டிப் பிறசரைக் குறைக்கும் தயசைட் வகைக் குளிசை, ஹைட்ரோகுளோரோதயசைட் 25 மி.கி., தினம் ஒன்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதற்குப் பிறகுதான் நிலைமை மோசமானது.

அனுமதிக்கும்போது பிறசர் 164/98. இரத்தப் பொட்டாசியம் 2.7 மில்லிமோல் (இருக்க வேண்டியது 3.5 முதல் 5.0 வரை). பைகார்பனேட் 32, அதாவது இரத்தம் காரப்பக்கம் சாய்ந்திருந்தது. ஈ.சி.ஜி.யில் டி அலை தட்டையாகி, அதன் பின்னால் யூ அலை தெரிந்தது. டி.எஸ்.எச். 9.4.

அந்த டி.எஸ்.எச். எண்ணைப் பார்த்தவுடன் கை தைரொக்சின் அளவைக் கூட்டத்தான் போகும். பொட்டாசியத்தைப் பார்த்தால் தயசைட் குளிசையைக் குற்றம் சொல்லத் தோன்றும். இரண்டும் பாதி உண்மை. தயசைட் பொட்டாசியத்தைக் குறைக்கும்தான். ஆனால் பிறசரும் கால் வீக்கமும் அந்தக் குளிசைக்கு முன்பே வந்துவிட்டன. ஆறு வருடம் ஒழுங்காக இருந்த டி.எஸ்.எச். ஏழு மாதத்தில் நான்கு மடங்காவதற்குக் குளிசையை மறந்தது காரணமாக இருக்கலாம். அவரோ ஒரு நாளும் மறக்கவில்லை.

கேள்வி கேட்ட விதம்

“வேற மருந்து ஏதும் எடுக்கிறனீங்களா, அம்மா?” என்று மூன்று தடவை, மூன்று பேர் கேட்டார்கள். மூன்று தடவையும் “இல்லை” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. வெந்தயம் சமையல் சாமான், சோயா சாப்பாடு, கசாயம் உடம்புக்கு நல்லது. அவருடைய பேச்சில் மருந்து என்றால் குளிசை, ஊசி, கிளினிக் கொப்பியில் எழுதியிருப்பது.

நான்காவதாகக் கேட்ட தாதி கேள்வியை மாற்றினார்: “அக்கா, காலையில எழும்பினதில இருந்து படுக்கப் போகும் வரைக்கும் வாயில என்னென்ன போடுறீங்கள்? மணி மணியாச் சொல்லுங்கோ.” இந்த நிகழ்வின் திருப்பம் இந்தக் கேள்விதான். பதிலை அவர் எழுதிக்கொண்டே போனார்:

5.30: இரவு ஊறவைத்த வெந்தயம் ஒரு மேசைக்கரண்டி, அந்தத் தண்ணியோடு. தைரொக்சின் குளிசையும் அதே தண்ணியில்தான்.

5.45: இரண்டு கரண்டி சோயா மா கரைத்த பால்.

6.30: சாயத்தண்ணி. சீனிக்குப் பதில் அதிமதுரத் துண்டு ஒன்றைப் போட்டு ஊறவிட்டு, குடித்து முடிய அந்தத் துண்டையும் சப்புவார்.

7.00: காலைச் சாப்பாட்டோடு கல்சியம் குளிசை.

பகல், இரவு: கசாயம், அரைக் கப் அரைக் கப்பாக.

கிழமையில் இரண்டு இரவு: நிலாவரைச் சூரணம் ஒரு தேக்கரண்டி, மலச்சிக்கலுக்கு.

மகளிடம் வீட்டில் உள்ளதை ஒன்றும் விடாமல் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொன்னார்கள். பையில் கசாயப் பக்கெற் நான்கு, சோயா மாப் பேணி ஒன்று, நிலாவரைப் பொட்டலம், அசோகப்பட்டை ஒரு கட்டு, ஒரு பழைய கோப்பித்தூள் போத்தல் நிறைய அதிமதுரத் துண்டுகள். வெளியில் மண்ணிறம், முறித்தால் உள்ளே மஞ்சள் நார். நுனிகள் பல்லுக் கடித்துத் தும்பாகியிருந்தன. பழகிய கை எடுத்துவைத்த துண்டுகள் அவை.

எப்படித் தொடங்கியது

ஜூன் மாதம். கச்சான் அடிக்கிற காலம். மேற்கு மலைநாட்டில் மழையைக் கொட்டிவிட்டு இந்தப் பக்கம் இறங்கும் காற்று, ஈரமில்லாமல் அனலாகத்தான் வரும். தகரத்தின் கீழ் இருந்து தைப்பவருக்கு நாளுக்கு எட்டு ஒன்பது தடவை நெஞ்சிலிருந்து முகத்துக்கு அனல் ஏறியது. இரவில் இரண்டு தடவை உடுப்பு நனைந்து எழும்பினார்.

மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறையும்போது, மூளையின் ஹைப்போதலமஸில் உடல் வெப்பத்தைக் கவனிக்கும் பகுதிக்கு அருகே இருக்கும் சில நரம்புக் கலங்கள் கட்டுக்கடங்காமல் தூண்டப்படுகின்றன. வழமையாக உடல் வெப்பம் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் மூளை கண்டுகொள்ளாது. இந்தக் காலத்தில் அந்த இடைவெளி சுருங்கிவிடும். சிறு ஏற்றத்துக்கே வியர்வையும் இரத்தக்குழாய் விரிவும் வந்துவிடும். ஏற்கெனவே வெக்கையில் இருக்கும் உடம்பு மேல்எல்லைக்குப் பக்கத்திலேயே நிற்கும். எனவே கச்சான் காலத்தில் அனல் கூடுவதும் வாடை தொடங்க அது குறைவதும் எதிர்பார்க்க வேண்டியதுதான். இதை நினைவில் வைக்காமல் எந்த மூலிகையின் பலனையும் இந்த ஊரில் கணக்கிட முடியாது. ஜூனில் தொடங்கி ஒக்டோபரில் “நல்லாக் குறைஞ்சிட்டுது” என்று சொல்லும் எதற்கும், காற்று மாறியதில் ஒரு பங்கு இருக்கும்.

இன்னொரு பங்கு மனதின் எதிர்பார்ப்புக்கு உண்டு. அனல் அடிப்பதற்கான மருந்து ஆய்வுகளில் வெற்று மாத்திரை எடுத்தவர்களிலேயே, சில ஆய்வுகளில் பாதி அளவுக்கு, அது குறைந்திருக்கிறது. இதைச் சொல்வது அந்தப் பெண்களின் வேதனையைச் சிறுமைப்படுத்த அல்ல. ஒரு பொருள் உண்மையில் வேலை செய்கிறதா என்று அறிய ஒப்பீடு வேண்டும், அவ்வளவுதான்.

கசாயம் அவருக்கு வந்தது உறவுக்காரர் வழியாக. அந்த உறவுக்காரருக்கு இருமலும் தொண்டை எரிச்சலும் இருந்தபோது ஒரு பரியாரியார் (சித்த வைத்தியர்) கொடுத்த சீட்டு அது. ஒரு கிழமைக்கென்று எழுதியது. அதே சீட்டைக் காட்டி, “உடம்பைக் குளிராக்கும்” என்ற பேச்சில் இவர் நான்கு மாதம் குடித்தார். எழுதிக் கொடுத்தவர் இவரைப் பார்க்கவே இல்லை. இங்கே சித்த வைத்தியத்தைப் பழி சொல்ல எதுவும் இல்லை. நாள் கணக்கு, பத்தியம், ஆளுக்கேற்ற அளவு ஆகிய மூன்றையும் அந்த வைத்தியமே கட்டாயமாக வைத்திருக்கிறது. மூன்றும் இங்கே விடுபட்டன.

அதிமதுரத்தின் கணக்கு

பக்கெற்றின் எடை 60 கிராம், ஆறு சரக்கு சம அளவு. அதில் அதிமதுரம் 10 கிராம். எட்டுக் கப் தண்ணியில் போட்டு ஒரு கப்பாகச் சுண்டக் காய்ச்சி, ஒரு நாளில் குடித்து முடிப்பது வழமை.

அதிமதுர வேரின் இனிப்புக்குக் காரணம் கிளிசிரைசின். சீனியைவிடப் பல பத்து மடங்கு இனிப்பு, தண்ணியில் நன்றாகக் கரையும். தரமான வேரில் குறைந்தது 100க்கு 4 பங்காவது இருக்கும், கூடவும் இருக்கும். 10 கிராமில் 400 மி.கி. என்று வைப்போம். காய்ச்சும்போது பாதிதான் இறங்கினாலும் 200 மி.கி. சாயத்தண்ணியில் போட்டுச் சப்பும் துண்டு 3 கிராம் என்றால், அதிலிருந்து இன்னும் 60 மி.கி. அளவில். ஆகமொத்தம் நாளுக்கு 260 மி.கி. வரை, நான்கு மாதம். ஐரோப்பாவின் உணவு அறிவியல் குழு 2003இல் வளர்ந்தவர்களுக்குச் சொன்ன மேல்எல்லை நாளுக்கு 100 மி.கி. அதற்குள்ளேயே பிறசர் ஏறும் ஆட்களும் இருக்கிறார்கள்.

உள்ளே நடப்பது இதுதான். சிறுநீரகத்தில் உப்பைப் பிடித்துவைக்கும் ஏற்பி ஒன்று இருக்கிறது. அல்டொஸ்டிரோன் என்ற ஹோர்மோன் வந்து சொன்னால் அது சோடியத்தை உள்ளே எடுத்து, பொட்டாசியத்தை வெளியே தள்ளும். கோர்ட்டிசோல் என்ற இன்னொரு ஹோர்மோனும் அதே ஏற்பியில் சரியாகப் பொருந்தும். இரத்தத்தில் கோர்ட்டிசோல் அல்டொஸ்டிரோனைவிட நூற்றுக்கணக்கான மடங்கு அதிகம். அது ஏற்பியை அணுகாமல் தடுக்க ஒரு நொதி வாசலில் நின்று கோர்ட்டிசோலைச் செயலற்ற கோர்ட்டிசோனாக மாற்றிக்கொண்டே இருக்கும். 11-பீட்டா-எச்.எஸ்.டி. 2 என்பது அதன் பெயர். குடலில் கிளிசிரைசினை பக்டீரியாக்கள் உடைத்து உண்டாக்கும் கிளிசிரெட்டினிக் அமிலம் இந்த நொதியைத் தடுக்கிறது. காவல் போனதும் கோர்ட்டிசோல் ஏற்பியைப் பிடித்துக்கொள்ளும். உப்பும் தண்ணியும் தேங்கும், கால் வீங்கும், பிறசர் ஏறும், பொட்டாசியம் சிறுநீரில் போய்விடும். 1946இல் ஒல்லாந்து மருத்துவர் ரெவர்ஸ், குடற்புண்ணுக்கு அதிமதுரச் சாறு கொடுத்தவர்களில் பலருக்கு உடம்பு வீங்குவதைக் கண்டு எழுதினார். அதன் மருத்துவக் கதை அங்கேதான் தொடங்குகிறது.

பெண்களின் ஹோர்மோனைப் பொறுத்தும் அதிமதுரம் சும்மா இருப்பதில்லை. நலமான இளம் பெண்களுக்கு நாளுக்கு 3.5 கிராம் கொடுத்துப் பார்த்த சிறிய இத்தாலிய ஆய்வு ஒன்றில் (2004) இரத்த டெஸ்டொஸ்டிரோன் குறைந்தது. அதனால்தான் நீர்க்கட்டி வருத்தத்துக்கு அது நல்லது என்ற பேச்சு இணையத்தில் ஓடுகிறது. ஆய்வு உண்மை. ஆனால் ஒன்பது பெண்கள், இரண்டு மாதவிடாய்ச் சுற்று மட்டும். அதே 3.5 கிராம்தான் பிறசரையும் தொடும் அளவு.

எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை, இவருக்கு ஏன் இவ்வளவு? இங்கேதான் இந்த நிகழ்வு பின்னிக்கொள்கிறது. குடல் மெதுவாக நகர்பவர்களில், கிளிசிரெட்டினிக் அமிலம் கூடநேரம் தங்கி, திரும்பத் திரும்ப உறிஞ்சப்படும். இவரின் குடல் மெதுவானது தைரொயிட் குறைந்ததால். தைரொயிட் குறைந்தது குளிசை உறிஞ்சப்படாததால். பொட்டாசியம் குறையக் குறையக் குடல் தசை இன்னும் சோரும். மலச்சிக்கலுக்கு அவர் எடுத்த நிலாவரை, மலத்தோடு பொட்டாசியத்தை மேலும் இறக்கும். கடைசியாகத் தயசைட் வந்து சேர்ந்தது. ஒவ்வொன்றும் தனியாக வந்திருந்தால் சமாளித்திருப்பார்.

வெந்தயமும் சோயாவும் குளிசையும்

வெந்தயத்தில் கிட்டத்தட்டப் பாதி நார். அதில் கணிசமான பங்கு கலக்டோமன்னன் என்ற கரையும் நார். ஊறவைத்த வெந்தயத்தை விரலால் தொட்டால் வழுவழுப்பாக ஒட்டுவது அதுதான். சாப்பாட்டுக்குப் பின் சீனி சட்டென்று ஏறாமல் தடுப்பது அந்த வழுவழுப்பு. தைரொக்சின் குளிசையை விழுங்கும் நேரத்தில் வயிற்றில் நார் நிறைய இருந்தால், உறிஞ்சப்படும் அளவு குறையும். பதினைந்து நிமிடத்தில் சோயா, ஒன்றரை மணியில் கல்சியம். மூன்றுமே தைரொக்சினுக்குத் தடை. 75 மைக்ரோகிராம் விழுங்கினாலும் இரத்தத்துக்குப் போனது அதைவிடக் குறைவு.

வெந்தயத்திலும் காட்டு வள்ளிக்கிழங்கிலும் உள்ள டயோஸ்ஜெனின் பற்றி ஒரு வார்த்தை. “உடம்பில் புரொஜெஸ்டரோனாக மாறும்” என்று இதை விற்கிறார்கள். ரசல் மார்க்கர் 1940களில் மெக்சிக்கோவின் வள்ளிக்கிழங்கிலிருந்து டயோஸ்ஜெனினை எடுத்து, அதிலிருந்து புரொஜெஸ்டரோன் செய்தார். அதை நடத்தியது ஆய்வுகூட இரசாயனம். மனித உடம்பில் அந்த மாற்றத்தைச் செய்யும் நொதி இல்லை.

சோயா விஷயம் வேறு. ஜெனிஸ்ரீன், டெயிட்சீன் என்ற ஐசோஃபிளவோன்கள் உண்மையிலேயே ஈஸ்ட்ரோஜன் ஏற்பியில் போய் உட்காரும். ஏற்பி இரண்டு வகை: கருப்பை, மார்பில் ஆல்ஃபா பெரும்பங்கு. எலும்பு, இரத்தக்குழாய், மூளையின் சில பகுதிகளில் பீட்டா அதிகம். ஐசோஃபிளவோன்கள் பீட்டாவை விரும்பும். உடம்பு சுரக்கும் எஸ்ட்ராடயோலைவிட இவற்றின் பிடி பல நூறு மடங்கு மெலிது. ஆனால் சோயா சாப்பிட்டபின் இரத்தத்தில் இவற்றின் அளவு பல நூறு மடங்கு அதிகமாகவும் இருக்கக்கூடும். இதனால்தான் “மெலிது, எனவே ஒன்றும் செய்யாது” என்பதும் “ஈஸ்ட்ரோஜன், எனவே ஆபத்து” என்பதும் இரண்டுமே பிழை. தாவரத்தில் இப்படி ஒன்று இருக்கிறது என்று உலகம் பரவலாக அறிந்ததும் 1946இல்தான். மேற்கு அவுஸ்திரேலியாவில் ஒரு வகைக் குளோவர்ப் புல் மேய்ந்த செம்மறிகள் கருத்தரிக்காமல் போன அறிக்கை அந்த வருடம் வெளியானது.

பலன் எவ்வளவு? 2012இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், ஐசோஃபிளவோன் எடுத்தவர்களில் அனல் அடிக்கும் தடவைகள் வெற்று மாத்திரையைவிட ஐந்தில் ஒரு பங்கு அளவு குறைந்திருந்தன. 2016இல் வந்த இன்னொரு தொகுப்பில் குறைந்தது நாளுக்கு ஒன்றரைத் தடவைக்கும் உட்பட்ட அளவுதான். இந்தச் சிறு பலனை வைத்து வட அமெரிக்க மெனோபோஸ் சங்கம் 2023இல் சோயாவைப் பரிந்துரைக்க முன்வரவில்லை. ஆளுக்கு ஆள் வித்தியாசமும் பெரிது. டெயிட்சீனை ஈக்குவோல் என்ற வலுவான பொருளாக மாற்றும் குடல் பக்டீரியா எல்லோரிடமும் இல்லை: மேலைநாடுகளில் நாலில் ஒருவருக்கு, யப்பான், கொரியா பக்கம் பாதிப்பேருக்கு. எள்ளிலும் ஆளிவிதையிலும் உள்ள லிக்னன்களும் அப்படித்தான். குடலில் என்டெரோலக்டோனாக மாறினால்தான் வேலை செய்யும். அன்டிபயோட்டிக் எடுத்த பின் அதன் அளவு மாதக்கணக்கில் குறைவாக இருக்கும்.

பாதுகாப்பைப் பற்றி: நாளுக்கு 150 மி.கி. ஐசோஃபிளவோன் குளிசை 5 வருடம் எடுத்த இத்தாலிய ஆய்வில் (2004) சிலருக்குக் கருப்பை உட்தோல் தடித்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் அது இல்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் எல்லா ஆய்வுகளையும் பார்த்து, மாதவிடாய் நின்ற பெண்களில் 35 முதல் 150 மி.கி. வரை மார்பு, கருப்பை, தைரொயிட் மூன்றுக்கும் தீங்கு என்பதற்குச் சான்று இல்லை என்றது. சாப்பாடாக எடுக்கும் சோயாவுக்குப் பயம் வேண்டாம். குளிசையாகச் செறிவாக்கிய ஐசோஃபிளவோனை வருடக்கணக்கில் தானே எடுப்பது வேறு விஷயம்.

அசோகப்பட்டையும் ஓகஸ்ட் இரத்தப்போக்கும்

பையிலிருந்த அசோகப்பட்டைக் கட்டுக்கு வருவோம். ஓகஸ்டில், ஒன்பது மாத இடைவெளிக்குப் பின், பதினொரு நாள் இரத்தம் போயிருக்கிறது. “நிற்கப் போற நேரம் அப்பிடித்தான்” என்று யாரோ சொல்ல, பட்டையை அவித்துக் குடித்தார். நின்றது.

இது தானே நின்றிருக்கலாம், பட்டையாலும் நின்றிருக்கலாம். விற்பனையில் அசோகு என்ற பெயரில் நெட்டிலிங்கப் பட்டை அடிக்கடி கலந்து வருகிறது. பையிலிருந்த துண்டு எது என்று கண்ணால் சொல்ல முடியாது. முக்கியம் அதுவல்ல. 45 வயதுக்கு மேல் ஒழுங்கில்லாத, நீண்ட இரத்தப்போக்கு வந்தால், அதை நிறுத்துவதற்கு முன் ஏன் வந்தது என்று பார்க்க வேண்டும். கருப்பை உட்தோல் புற்றுநோயின் முதல் அடையாளமும் இதுவே. மூலிகை இரத்தத்தை நிறுத்திவிட்டால் காட்டும் நாள் தள்ளிப்போகும். ஸ்கானில் உட்தோல் 9 மி.மீ. எடுத்த திசுப் பரிசோதனையில் கெட்டது எதுவும் இல்லை. இந்தக் கட்டுரையில் உள்ள எல்லாவற்றிலும், எங்கள் கணிப்பில் அதிக ஆபத்தாக முடிந்திருக்கக்கூடியது இந்தப் பதினொரு நாள்தான். அதைப் பற்றித்தான் அவர் கடைசியாக, கேட்டபின், சொன்னார்.

செய்தவை

அதிமதுரம் எல்லா வடிவத்திலும் நிறுத்தம்: கசாயம், சாயத்தண்ணித் துண்டு, இருமல் பாணி, சுவிங்கம்வரை லேபலில் பார்க்கச் சொன்னார்கள். தயசைட் நிறுத்தம், நிலாவரை நிறுத்தம். ஈ.சி.ஜி. கண்காணிப்பில் பொட்டாசியம் குளோரைட் வாய்வழி. 600 மி.கி. குளிசை ஒன்றில் 8 மில்லிமோல், பிரித்துப் பிரித்து, சாப்பாட்டோடு, நிறையத் தண்ணியில். மக்னீசியமும் பார்த்தார்கள், குறைவாக இருந்தால் பொட்டாசியம் எவ்வளவு கொடுத்தாலும் நிற்காது. பிறசருக்கு ஸ்பைரொனோலக்டோன் 25 மி.கி. சில கிழமை. அது அதே ஏற்பியை அடைக்கும் மருந்து, எனவே இந்த நிலைக்கு நேராகப் பொருந்தும். பொட்டாசியம் ஏறத் தொடங்கியதும் பொட்டாசியக் குளிசையைக் குறைத்துவிட வேண்டும். இரண்டும் சேர்ந்து எதிர்ப்பக்கம் தள்ளிவிடும்.

இளநீர் குடிக்கலாமா என்று மகள் கேட்டார். 100 மில்லி இளநீரில் ஏறக்குறைய 250 மி.கி. பொட்டாசியம், ஒரு செவ்விளநீரில் பொட்டாசியக் குளிசை இரண்டுக்கு மேல். குடிக்கலாம், நல்லது. ஆனால் 2.7ஐத் தூக்க அதை மட்டும் நம்பக் கூடாது. சிறுநீரக வருத்தம் உள்ள வீட்டில் இதே யோசனையைப் பின்பற்றவும் கூடாது.

அதிமதுரத்தை நிறுத்திய மறுநாளே எல்லாம் சரியாகாது. நொதி பழைய நிலைக்கு வர ஒன்று இரண்டு கிழமை, சிலரில் அதற்கும் கூட எடுக்கும். இதைச் சொல்லாமல் அனுப்பினால், “நிப்பாட்டியும் பிறசர் குறையேல்லை” என்று நான்காம் நாள் வேறு மருந்து தேடிப் போவார்கள். இவருக்கு இரண்டாம் கிழமை பொட்டாசியம் 3.8, ஐந்தாம் கிழமை ஸ்பைரொனோலக்டோன் இல்லாமல் பிறசர் 134/84. இறங்காமல் இருந்திருந்தால் ரெனின், அல்டொஸ்டிரோன் பார்த்து, அட்ரினல் சுரப்பியின் கட்டி வரை தேட வேண்டியிருந்திருக்கும்.

தைரொக்சின் அளவைக் கூட்டவில்லை. நேரத்தை மட்டும் மாற்றினார்கள். 5.30க்கு வெறும் தண்ணியில் குளிசை. 6.30க்குச் சாயத்தண்ணி, சீனி அரைக் கரண்டி. வெந்தயம் பகல் சாப்பாட்டோடு, சோயாவும் பகலில். கல்சியம் இரவுச் சாப்பாட்டோடு. கல்சியத்துக்கும் இரும்புச்சத்துக் குளிசைக்கும் தைரொக்சினிலிருந்து 4 மணி நேர இடைவெளி வேண்டும். எட்டாம் கிழமை டி.எஸ்.எச். 3.1. அளவைக் கூட்டி அனுப்பியிருந்தால், வெந்தயத்தை அவர் விட்ட நாளில் தைரொயிட் கூடி நெஞ்சு படபடக்க வந்திருப்பார்.

சோயாவை நிறுத்தச் சொல்லவில்லை. நாளுக்கு ஒரே அளவு, ஒரே நேரம் என்பது மட்டும் நிபந்தனை. நான் அதிகம் சாப்பிடுகிறேனா என்று கேட்டவருக்கு ஓர் ஒப்பீடு: யப்பானில் வழமையான சாப்பாட்டிலிருந்து நாளுக்கு 25 முதல் 50 மி.கி. ஐசோஃபிளவோன் கிடைக்கிறது. சோயா மீற்றில் உள்ள அளவு, அது செய்யும் முறையைப் பொறுத்தது. அற்ககோலில் கழுவிப் பிரித்த புரதத்தில் ஐசோஃபிளவோன் பெரும்பாலும் போய்விடும், கொழுப்பெடுத்த மாவிலிருந்து செய்ததில் தங்கும். பக்கெற்றின் மேல் இது எழுதியிருப்பதில்லை.

அனலுக்கு ஒரு கொப்பி போட்டார்கள். ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு, இரவில் உடுப்பு நனைந்தால் வட்டம். புதிதாக ஒன்றைத் தொடங்கினால் 12 கிழமை அதை மட்டும், இரண்டைச் சேர்த்துத் தொடங்கக் கூடாது. தையல் வேலை காலை பத்து மணிக்கு முன்னும் பின்னேரமும்.

மறுவருடம்

டிசெம்பரில் கொப்பியில் நாளுக்கு மூன்று கோடு. வாடைக் காலம், எனவே அதை யாரும் வெற்றியாக எழுதவில்லை. மே கடைசியில் கச்சான் திரும்பியபோது ஐந்து, ஜூன் இரண்டாம் கிழமை ஏழு, வட்டம் தினமும். சோயா அவருக்குப் பெரிதாக உதவவில்லை என்று அந்தக் கோடுகள் சொன்னன.

கசாயத்துக்குத் திரும்பாமல் அவரே கேட்டார்: “மிஸ், அந்த ஹோர்மோன் வைத்தியம் எனக்குச் சரிவருமோ?” பிறசர் 130/82, மார்புப் பரிசோதனை சரி, குடும்பத்தில் மார்புப் புற்றுநோய் இல்லை, இரத்தக்கட்டு வந்ததில்லை. கருப்பை இருப்பதால் ஈஸ்ட்ரோஜன் தனியாகக் கொடுக்க முடியாது, உட்தோல் தடிக்காமல் காக்கப் புரொஜெஸ்டரோனும் சேர வேண்டும். அவரின் பகுதியில் கிடைத்தது வாய்வழிக் குளிசை. வாய்வழி ஈஸ்ட்ரோஜன் கல்லீரலில் தைரொயிட் ஹோர்மோனைப் பிடித்துவைக்கும் புரதத்தைக் கூட்டும், அதனால் தைரொக்சின் தேவை ஏறக்கூடும். தோலில் ஒட்டும் வகையில் அது பெரும்பாலும் இல்லை. ஆகவே இந்தத் தடவை குளிசையின் நேரம் சரியாக இருந்தும் டி.எஸ்.எச். ஏறலாம் என்று முன்கூட்டியே சொல்லி, அடுத்த இரத்தப் பரிசோதனைக்குச் செப்டெம்பர் முதல் கிழமையில் நாள் போட்டு, கிளினிக் கொப்பியின் அதே பக்கத்தில் வெந்தயம், சோயா, கல்சியம் மூன்றின் நேரத்தையும் குளிசைகளின் வரிசையிலேயே எழுதிக் கொடுத்தார்கள்.